திகில் நாவலாசிரியர் ஸ்டீபன் கிங்: ஓர் ஆயரின் வாசிப்பு

இறையியல் மாணவர் திகில் நாவல்களை வாசிக்கலாமா என்று வகுப்பில் ஒரு மாணவர் வினவினார். அவர் கையிலிருந்தது அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிங்கின் நூல். அட்டைப் படத்தைக் கண்டே தீர்ப்புக் கூறும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நானும் அவ்வாறே கூறிவிட்டு, பின்னர் வெட்கமுற்று, அந்நூலையே அவரிடம் இரவல் பெற்றேன். அது 1983-ல் வெளிவந்த "பெட் செமட்டரி".

லூயிஸ் கிரீட் என்னும் மருத்துவர் மெயின் மாநிலத்தில், லாரிகள் ஓயாது விரையும் சாலையோரம் குடியேறுகிறார். வீட்டின் பின்னே சிறுவர்கள் தங்கள் செல்லப் பிராணிகளைப் புதைக்கும் இடம். அதற்கும் அப்பால் பழங்குடியினரின் பழைய புதைகாடு. அங்கே புதைக்கப்பட்டவை திரும்பி வரும்; ஆனால் போனபடி வருவதில்லை. முதலில் மகளின் பூனை. பின்னர் லாரியில் அடிபட்டு மாண்ட சிறு மகன் கேஜ்.

நூலின் பகுதிகளுக்கு முகப்பாகக் கிங் வைத்திருப்பது யோவான் 11-ம் அதிகாரத்து லாசருவின் வரலாறு. இது அலங்காரத்திற்காக வைத்ததன்று. பெத்தானியாவில் ஊரார் காண, பட்டப்பகலில், கண்ணீர் விட்டவர் ஒருவர் பெயர் சொல்லி அழைக்கிறார். இங்கோ தகப்பன் நள்ளிரவில், மனைவிக்கும் தெரியாமல், மண்வெட்டியோடு தனியே செல்கிறான். அவனுடைய குற்றம் அன்பின்மை அன்று. துக்கிக்க மறுக்கும் அன்பு. இந்நூல் மிகக் கொடியது என்று கருதிக் கிங் தாமே இதனை ஒதுக்கி வைத்திருந்தார் என்பதும், பதிப்பக ஒப்பந்தத்தை முடிக்கவே வெளியிட்டார் என்பதும் அறியத்தக்கவை.

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஊழியம் செய்த சபையொன்றில் ஒரு குழந்தையை அடக்கம் செய்தேன். தகப்பன் அழுது முடிக்குமுன்னே உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைப் பற்றிச் சரளமாகப் பேசினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. லூயிஸ் கிரீட்டைப் பற்றி வாசித்தபோது விளங்கிற்று. அந்த இரவு நான் உறங்கவில்லை. பேயைக் குறித்த அச்சத்தினால் அன்று.

இனி எதை வாசிப்பது? 1947-ல் பிறந்து மெதடிஸ்டுச் சபையில் வளர்ந்த கிங், 1974-ல் வந்த "கேரி" தொடங்கி அறுபதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியிருக்கிறார். தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். மதவெறி கொண்ட பெண்ணைப் படைக்கும்போது அவர் கை சலிப்பூட்டுகிறது. கேரியின் தாயும் "தி மிஸ்ட்" குறுநாவலின் திருமதி கார்மடியும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். நீளமும் ஒரு குறை. கொள்ளைநோயால் உலகம் அழிந்தபின் எஞ்சியவர்களைக் குறித்த "தி ஸ்டாண்டு" 1978-ல் வெளியாகி, 1990-ல் நீக்கப்பட்ட நூற்றுக்கணக்கான பக்கங்களுடன் மீண்டும் வந்தது. அதில் வரும் குழுக் கூட்டங்கள், சபைக் கமிட்டிகளில் அமர்ந்து பழகிய எனக்கே நீண்டனவாகத் தோன்றின.

ஆயர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது 1975-ல் வந்த "சேலம்ஸ் லாட்". சிற்றூர் ஒன்று இரத்தம் குடிக்கும் பார்லோவின் பிடியில் விழுகிறது. கலஹன் என்னும் கத்தோலிக்கக் குரு சிலுவையை உயர்த்துகிறார், அது ஒளிவிடுகிறது. பார்லோவின் பிடியில் ஒரு சிறுவன் இருக்கிறான். சிலுவையை எறிந்துவிட்டு விசுவாசத்தோடு மட்டும் என் எதிரே நில், சிறுவனை விடுவிப்பேன் என்பது பார்லோவின் நிபந்தனை. சிறுவன் விடுபடுகிறான். குருவோ சிலுவையை எறியத் துணியவில்லை. அவர் கையிலேயே அதன் ஒளி மங்குகிறது. பார்லோ அதனைப் பறித்து முறித்துவிடுகிறான். பின்னர் குரு தம் ஆலயத்தினுள் நுழைய முயல, கதவே அவரைத் தள்ளிவிடுகிறது. இதனை வாசித்துவிட்டு, "சிலுவை வணக்கத்திற்கு நல்ல மறுப்பு" என்று புரொட்டஸ்டண்டு வாசகர் மகிழ்வாரானால், அவர் இக்காட்சியை வாசிக்கவே இல்லை. கலஹன் பற்றிக்கொண்டது மரத்தை. நாம் பற்றிக்கொள்வது மனப்பாடமான சொற்களாக இருக்கலாம்.

2014-ல் வந்த "ரிவைவல்" இதனினும் கடினமானது. சார்லஸ் ஜேக்கப்ஸ் என்னும் இளம் மெதடிஸ்டு ஊழியர் மனைவியையும் சிறு மகனையும் சாலை விபத்தில் இழந்து, பிரசங்க பீடத்திலேயே விசுவாசத்தை மறுதலிக்கிறார். அப்பிரசங்கத்திற்குப் பதில் சொல்ல நான் முயன்று பார்த்தேன். இருமுறை எழுதிக் கிழித்தேன். ஆனால் நூலின் முடிவில், மரணத்திற்கு அப்பால் கொடுமையே உள்ளது என்று ஒரு காட்சியைக் கிங் வரைந்து காட்டுகிறார். அங்கே நாவல் தாழ்ந்துவிடுகிறது. வினாவாக நின்றபோது நம்மை நடுங்கச் செய்த அது, விடையானதும் வெறும் பூச்சாண்டியாயிற்று.

மாணவரிடம் நூலைத் திருப்பிக் கொடுத்தபோது என் முந்தைய தீர்ப்பையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, 1996-ல் வந்த "டெஸ்பரேஷன்" நூலைக் கொணர்ந்து தந்தார். ஜெபிக்கும் சிறுவன் ஒருவனுக்குக் கடவுள் உண்மையாகவே பதிலளிக்கும் கதையாம்; அப்பதில்கள் இனியவையாக இரா என்றும் எச்சரித்தார். விடுமுறைக்கென அதனை மேசைமீது வைத்திருக்கிறேன்.