பசுமைக் காரும் பயன்பெறுவோரும்

‘பசுமைக் கார்’, ‘சூழல்நேய வாகனம்’ என்னும் சொற்கள் இன்று விளம்பரங்களில் மட்டுமன்றி, அறிஞர்தம் கட்டுரைகளிலும் ஓதப்படுகின்றன. சொல்லின் இனிமையை மட்டும் நோக்குதல் போதாது. அது யாருடைய நலனைப் பேசுகிறது என வினவுதலும் திறனாய்வாளன் கடனாகும்.

மின்சாரக் காரின் நன்மையை மறுத்தல் அறிவுடைமையன்று. பெற்றோல் இயந்திரம் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய காற்பங்கையே ஓட்டத்துக்குப் பயன்படுத்துகிறது. எஞ்சியது வெப்பமாய் வீணாகிறது. மின்மோட்டாரோ தான் பெறுவதில் பெரும்பகுதியை இயக்கமாக்குகிறது. எண்ணெயை இறக்குமதி செய்தே வாழும் இலங்கைக்கு இது சிறு இலாபமன்று. 2022-இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, எரிபொருள் நிலையங்களின் முன் நாட்கணக்காக நீண்ட வரிசைகளை நாம் மறந்துவிடவில்லை.

ஆயினும், காரின் புகைக்குழாய் மறைந்துவிட்டதால் புகையே மறைந்துவிட்டது என்பது மயக்கம். இந்நாட்டு மின்சாரத்தில் கணிசமான பங்கு, 900 மெகாவாட் வலுவுடைய நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தில் உற்பத்தியாகிறது. அதன் சாம்பலோடு வாழ்பவர்கள் புத்தளக் கரையோர மக்கள். நமக்கு இன்னும் அண்மையான சான்று சுன்னாகம். எண்ணெயால் இயங்கிய மின்நிலையத்தின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த வழக்கில், மக்களுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு அதனை நடத்திய நிறுவனத்துக்கு 2019-இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. கிணற்று நீரையே நம்பி வாழும் குடாநாட்டில், மின்சாரத்தின் விலை கட்டணச் சீட்டில் மட்டும் எழுதப்படுவதில்லை.

மின்கலத்தின் கணக்கும் இத்தகையதே. அதற்கான கோபாற்றின் பெரும்பகுதி கொங்கோவிலிருந்து வருகிறது. அங்குள்ள சுரங்கங்களிற் சிறுவரும் உழைத்து வந்துள்ளனர்.

இனி வரியை நோக்குவோம். 2020 முதல் தடைப்பட்டிருந்த தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பசுமையின் பெயரால் வரிச்சலுகை வேண்டுமெனக் கேட்போர் உளர். அரசின் வருவாயில் விழும் குறையை யார் நிரப்புவர்? 2024 முதல் 18 வீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரியைத் தோட்டக் கூலியாளும் செலுத்துகிறான். எரிபொருட் சேமிப்பு கார் உடையவனுக்கு. சலுகையின் சுமை கார் இல்லாதவனுக்கும் என்பது எவ்வகை நீதி?

1990-இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில், யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயிற் புகை கக்கி ஓடின. எனினும், குடாநாட்டின் வாழ்வைச் சுமந்தது துவிச்சக்கரவண்டியே. இருப்பவற்றுள் மிகத் தூய அவ்வாகனத்தை அன்று எவரும் ‘பசுமை’ எனப் புகழவில்லை; அது வறியவரின் வண்டி. அந்தத் துன்பத்தை இலட்சியமாக்குதல் கொடுமை. அதன் பாடத்தை மறத்தல் மடமை.

ஆகவே, மின்கலத்தை வெறுக்க வேண்டியதில்லை; அது முதலில் எங்கே பொருத்தப்பட வேண்டும் என்பதே வினா. பண்டத்தரிப்பிலிருந்து தெல்லிப்பழை வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளியும், சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி கொண்டுசெல்லும் கமக்காரனும், பாடசாலைப் பிள்ளையும் ஏறத்தக்க பேருந்திலே பொருத்துக. வெயிலுக்குப் பஞ்சமில்லாத இம்மண்ணில், பொதுக் கட்டடங்களின் கூரைகளிலிருந்து அதற்கு மின்னூட்டுக. பொதுப்பணம் செல்லவேண்டிய வழி அதுவே. ஒருவனைச் சுமக்கும் காருக்கு முன், ஊரைச் சுமக்கும் வாகனம் பசுமையாகட்டும்.