மூலமும் படியும்: லஸ்கோ குகை எழுப்பும் வினாக்கள்

உல்லாசப் பயணத்துறையின் எதிர்காலம் பற்றிப் பேசுவோர் இன்று நிலைபேறு, கதைசொல்லல், புதிய தொழினுட்பம் ஆகிய மூன்றையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் தூண்களாகக் காட்டுகின்றனர். இம்மூன்றும் இயல்பாகவே இசைந்து செல்வனவா என்பது ஆராயற்பாலது. பிரான்சின் தென்மேற்கே மொன்ரிஞ்ஞாக் என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள லஸ்கோ குகை இவ்வாராய்ச்சிக்குப் பொருத்தமான களமாகும்.

1940 செப்ரெம்பரில் கண்டுபிடிக்கப்பட்ட இக்குகையின் ஓவியங்கள் 17,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை வாய்ந்தவை. 1948இல் குகை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1955 அளவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,200 பேர் அதனுட் சென்று வந்தனர். அவர்களது மூச்சின் காபனீரொட்சைட்டும் உடல் வெப்பமும் ஈரலிப்பும் குகையின் சமநிலையைக் குலைத்தன. சுவர்களிற் பச்சை அல்காவும் வெண்ணிறக் கல்சைற்றுப் படிவும் தோன்றின. 1963இல் பண்பாட்டமைச்சர் அன்ட்ரே மல்றோ குகையை மூடுவித்தார். பார்க்க விரும்பி வந்தோரின் வரவே பார்க்கப்படும் பொருளுக்கு ஊறாக முடிந்தது. இம்முரண்பாடு லஸ்கோவுக்கு மட்டும் உரியதன்று. உல்லாசப் பயணத்துறையின் அடிப்படையிலேயே அமைந்ததாகும்.

இதற்கு விடையாக எழுந்ததே படி. 1983இல், மூலக்குகைக்கு ஏறத்தாழ 200 மீற்றர் தொலைவில், குகையின் இரு முக்கிய பகுதிகளின் படி திறக்கப்பட்டது. மொனிக் பெய்ற்றால் என்னும் ஓவியர் இயற்கை நிறப்பொருள்களைக் கொண்டு பல்லாண்டுகள் உழைத்து அதன் ஓவியங்களைத் தீட்டினார். 2016இல், முப்பரிமாண லேசர் அளவீட்டின் துணையுடன், குகையின் பெரும்பகுதி மலையடிவாரத்தில் மீளமைக்கப்பட்டது.

இப்படிகளைப் போலி என ஒதுக்குவோர் உளர். இயந்திர மறுஉற்பத்தியினால் கலைப்பொருள் தன் தனித்த ஒளிவட்டத்தை இழக்கின்றதென 1930களில் வோல்ரர் பென்ஜமின் எடுத்துக்காட்டியமை ஈண்டு நினைவுக்கு வரும். எனினும் லஸ்கோவின் படி தன்னை மூலமென்று கூறிக்கொள்வதில்லை. மூலத்தைத் தனிமையில் விட்டுவைப்பதற்காகவே அது ஆக்கப்பட்டது. ஆகவே அதனை ஏமாற்று எனல் பொருந்தாது.

அதே வேளை, தொழினுட்பமே குகையைக் காத்தது என்ற கூற்றும் ஏற்கத்தக்கதன்று. புதிய காற்றுச் சீராக்கல் தொகுதி பொருத்தப்பட்டதை அடுத்து, 2001இல் குகையினுள் வெண்பங்கசு பரவியது. அதாவது, காக்கும் நோக்குடன் புகுத்தப்பட்ட கருவியும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. உண்மையில், 1963இல் இடப்பட்ட பூட்டே குகையைக் காத்தது. லேசரும் கணினியும் அப்பூட்டை மக்கள் பொறுத்துக்கொள்ள உதவின எனலாம்.

கதைசொல்லலை நோக்குவோம். நாயொன்று குழியில் வீழ்ந்ததாகவும், அதனைத் தேடிச் சென்ற நான்கு சிறுவர் குகையைக் கண்டதாகவும் கூறும் கதை பெரிதும் பரவியுள்ளது. மார்செல் ரவிடா முன்னரே கண்டிருந்த துவாரத்துக்குச் செப்ரெம்பர் 12இல் ஆயத்தங்களுடன் மூன்று தோழரை அழைத்து வந்தார் என்பதே வரலாறு. அந்நால்வருள் ஒருவரான சிமோன் கொயன்காஸ் யூதர். அவரது பெற்றோர் பின்னர் அவுஷ்விற்சில் உயிரிழந்தனர். நாய்க்கதையில் அந்த ஆண்டின் யுத்தம் இல்லை. இனிமைக்காக வரலாற்றை நீக்கும் கதைசொல்லல், பயணியை மகிழ்விக்கலாம், அறிவூட்டாது.

குகையின் கிணறு போன்ற பகுதியிலே குடல் சரிந்த காட்டெருதும், பறவைத்தலை கொண்ட மனிதனும் வரையப்பட்டுள்ளன. அது வேட்டை விபத்தென்பர் சிலர். சமயச் சடங்கென்பர் வேறு சிலர். முடிந்த முடிபு இல்லை. விளக்கவுரையினின்றும் விடுபட்டு நிற்பதே கதையின் வலிமை எனப் பென்ஜமின் 1936இல் எழுதினார். ஒவ்வோர் உருவுக்கும் உடனடி விளக்கந் தரும் கருவியொன்று கையிலிருப்பின், பார்ப்போனுக்கு வியக்கவும் ஐயுறவும் இடமேது?

நிலைபேறு என்பது குகையின் சுவர்களுடன் முடிவதுமன்று. உலகின் பச்சைவீட்டு வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 வீதம் உல்லாசப் பயணத்தினால் விளைவதாக 2018இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. படியைக் காண்பதற்கும் ஆயிரக்கணக்கானோர் விமானமேறுவராயின், சுமை குகையிலிருந்து வளிமண்டலத்துக்கு மாற்றப்படுகின்றது. அவ்வகையில், 2012இல் போர்தோவிலும் 2013இல் சிக்காக்கோவிலும் வைக்கப்பட்ட நடமாடும் கண்காட்சியே இம்முயற்சிகளுள் முற்போக்கானது. மக்களைப் படியிடம் அழைக்காது, படியை மக்களிடம் அது கொண்டு சென்றது. ஆயினும் அதனால் மொன்ரிஞ்ஞாக்கின் விடுதியாளரும் வழிகாட்டியும் வருவாய் பெறார். சூழலின் நலனும் அவ்வூராரின் பிழைப்பும் இவ்விடத்து மோதுகின்றன. இம்மோதலை எக்கருவியும் தானாகத் தீர்த்துவைக்காது.

எனவே, மூன்று தூண்கள் பற்றிய புகழுரைகளை ஏற்குமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். எங்கே பூட்டு இடப்பட்டுள்ளது? கதையிலிருந்து யார் நீக்கப்பட்டனர்? சுமை யாருடைய தோளுக்கு மாற்றப்பட்டது? இவற்றுக்கு விடை கூற இயலாத திட்டம், எத்துணை நவீனமாயினும், பழைய வாணிகத்தின் புதிய விளம்பரமேயாகும்.