தோல் தையல் முறைகள்: ஒரு மதிப்பீடு

கருங்குழியை ஒட்டிச் செல்லும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளாவோரின் காயங்கள் பெரும்பாலும் மண்ணும் கண்ணாடித் துகளும் படிந்து, ஓரம் நைந்த கிழிசல்களாக இருப்பதால், அறுவை அரங்கின் தூய வெட்டுக்கென வகுத்த அளவுகோலைக் கொண்டு மட்டும் தையல் முறைகளை எடைபோடுதல் பொருந்தாது.

புண்ணை ஊசியால் தைக்கும் வழக்கம் தமிழகத்தில் பழமையானது. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர், மார்புப் புண் தைத்த நெடிய ஊசிக்கு, குளத்தில் மூழ்கி எழும் சிச்சிலிப் பறவையை உவமையாக்குகிறார்.

இன்றைய முறைகளுள் பரவலானது, ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சிடும் தனித்தையல் ஆகும். ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும் பிற தையல்கள் தாங்கும். சீழ் பிடித்தால் ஓரிரு தையல்களை மட்டும் பிரித்து அதனை வெளியேற்றலாம். ஆயினும் இதற்கு நேரம் மிகுதியாகும். இறுக்கி முடிந்தால் ஓரங்களில் இரத்த ஓட்டம் குன்றி, ஏணிப்படி போன்ற தழும்பு எஞ்சும். ஒரே நூலில் ஓடும் தொடர்தையல் விரைவில் முடிந்து இழுவிசையைச் சமமாகப் பகிர்ந்தாலும், நூல் ஓரிடத்தில் அறுந்தால் முழுத் தையலும் தளரும். ஆழமாகச் சென்று, மேலாகத் திரும்பும் மெத்தைத் தையல் காய ஓரங்களை நன்கு பொருத்துமெனினும் ஊசித்தடத்தை மிகுவிக்கும். தோலின் உள்ளடுக்கிலேயே நூலை ஓட்டும் உட்தையல் அழகிய வடுவைத் தருமாயினும், அழுக்கேறிய காயத்துக்கு ஏற்றதன்று.

இம்முறைகள் அனைத்திற்கும் பொதுவான குறை, காயத்தின் உள்ளிருக்கும் மாசையும் சேர்த்து மூடிவிடும் வாய்ப்பாகும். ஆகவே மிகுந்த மாசுள்ள காயத்தைக் கழுவி, இறந்த திசுவை நீக்கி, திறந்தே வைத்து, மூன்று முதல் ஐந்து நாளுக்குப் பின் தைக்கும் தாமதத் தையல் முறை வகுக்கப்பட்டது. அவ்வாறே நாய்க்கடியிலும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுதலும், தடுப்பூசியும், தேவையெனில் காயத்தினுள் செலுத்தும் எதிர்ப்புரதமும் முந்தும். தையல் இயன்றவரை தள்ளிவைக்கப்படும். தையல் பிரிக்கும் காலமும் இடத்துக்கேற்ப மாறும்: முகத்தில் ஏறத்தாழ ஐந்து நாள், கைகால்களில் 10 முதல் 14 நாள். முந்திப் பிரித்தால் காயம் விரியும். பிந்தினால் தடம் பதியும்.

விபத்துக்குள்ளானோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் அரசுத் திட்டம், 2021 டிசம்பர் 18 அன்று கருங்குழி அமைந்த அதே மாவட்டத்தின் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டதால், தைப்பதற்கு முன் நின்ற பணத்தடை குறைந்துள்ளது. எனினும் விரைந்து வந்தடைந்த காயத்தை விரைந்து மூடிவிடுவதே சிகிச்சையாகாது. நெடுஞ்சாலைக் காயத்துக்குத் தனித்தையலே பெரும்பாலும் பாதுகாப்பானது; அதன் வெற்றியோ, ஊசி எடுப்பதற்கு முன் காயத்தைக் கழுவிய முறையைப் பொறுத்தது.