கனவுக்கும் தரகு

'நல்ல' என்ற சொல்லுக்கு விலை என்ன? புலவரைக் கேட்டால் சிரிப்பார். அமெரிக்கப் பதிப்புலகைக் கேட்டால் கணக்கோடு சொல்லும். அங்கே இலக்கிய முகவர்கள் தாங்கள் விற்றுக் கொடுத்த நூல்களை 'பப்ளிஷர்ஸ் மார்க்கெட்பிளேஸ்' என்னும் வாணிகப் பட்டியலில் அறிவிக்கிறார்கள். அதில் 'இனிய ஒப்பந்தம்' என்று கண்டால், எழுத்தாளருக்கு முன்பணம் 50,000 டாலருக்குள் என்று பொருள். 'மிக இனிய' என்றால் ஒரு லட்சத்துக்குள். 'நல்ல' என்றால் ஒரு லட்சம் முதல் இரண்டரை லட்சம் வரை. அதையும் தாண்டினால் 'குறிப்பிடத்தக்க'. ஐந்து லட்சத்தைத் தொட்டால் 'பெரிய'. பெயரடைக்கு விலைச்சீட்டுக் கட்டிய இந்த இலக்கணத்தைத் தொல்காப்பியரும் கண்டாரில்லை, நன்னூலாரும் கண்டாரில்லை!

அறிவியற் புனைகதை, மாயக்கதை, வரப்போகும் சமுதாயத்தை வரைந்து காட்டும் கதை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து ஊகப் புனைவு என்கிறார்கள். அவ்வகை எழுத்தாளர்களுக்காக வாதாடும் முகவர் நிலையங்கள் தம்மவரைப் பற்றி அவ்வப்போது செய்தி வெளியிடுவதுண்டு. இன்னார் நூல் இத்தனை மொழிகளுக்குப் போயிற்று. இன்னார் பரிசின் இறுதிப் பட்டியலில் ஏறினார். இன்னார் கதையைத் திரைப்படமாக்க முன்னுரிமை வாங்கியாயிற்று. முன்னுரிமை என்பது படமன்று, தோழர்களே! ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ வேறு எவருக்கும் விற்காதிருக்கக் கொடுக்கும் அச்சாரம். அச்சாரம் கொடுத்தவர்களிற் பெரும்பாலோர் மணமேடைப் பக்கமே வருவதில்லை. போகட்டும். அத்தனை செய்திகளையும் படித்து முடித்த பின்பு ஒரு கேள்வி மட்டும் விடையின்றி நிற்கிறது. அந்த நூல்கள் என்னதான் சொல்கின்றன?

இதைக் கண்டவுடன், "கலையைக் காசாக்கும் கயமை!" என்று முழங்கிவிடுவது எளிது. நான் முழங்கப்போவதில்லை. கலை காசுக்கு அப்பாற்பட்டது என்னும் பேச்சு, காசுக்குப் பஞ்சமில்லாத வீட்டுத் திண்ணையில் பிறந்த பேச்சு. நெய்தவன் கூலி கேட்கலாம், உழுதவன் கூலி கேட்கலாம். எழுதியவன் மட்டும் புகழைத் தின்று உயிர்வாழ வேண்டுமா? 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இலண்டனில் ஏ. பி. வாட் என்பவர் எழுத்தாளர் சார்பில் பேரம் பேசும் இத்தொழிலைத் தொடங்கினார். ஹைன்மன் என்னும் பெரும் பதிப்பாளர் முகவர்களை ஒட்டுண்ணிகள் என்றே ஏசினார். ஏசமாட்டாரா? தனியே வந்த எழுத்தாளனிடம் பேசிய பேரத்தை, துணையோடு வந்தவனிடம் பேச முடியாதே! கால யந்திரத்தைக் கற்பனை செய்த எச். ஜி. வெல்சுக்கும் பிங்கர் என்னும் முகவர் இருந்தார். அன்று நூற்றுக்குப் பத்தாக இருந்த தரகு இன்று பதினைந்து. பிறநாட்டு உரிமைக்கு இருபது. உழைப்புக்குக் கூலி என்ற அளவில் இதில் குறை சொல்ல ஏதுமில்லை.

என் குற்றச்சாட்டு வேறு. 'இன்னின்ன நூலை விரும்பியவர்கள் இதையும் விரும்புவார்கள்' என்று, முன்பு விற்ற நூலைக் காட்டிப் புதிய நூலை விற்பது இவ்வாணிகத்தின் வழக்கம். கைப்படியைப் பதிப்பகத்துக்கு அனுப்பும்போதே அத்தகைய ஒப்புமை நூல் இரண்டையேனும் குறிப்பிட வேண்டும். சமையல் நூலுக்கு இது பொருந்தலாம். உள்ள உலகம் இப்படியே இருந்தாக வேண்டுமா என்று கேட்கப் பிறந்த எழுத்துக்குப் பொருந்துமா? நாளையைப் பற்றிய நூலை நேற்று விற்ற கணக்கைக் கொண்டு நிறுக்கிறார்கள். நேற்றைய கடைத்தெருவில் எவருக்கு இடமில்லையோ அவருக்கு நாளையிலும் இடமில்லை என்றல்லவா முடியும்?

முடிந்தது என்பதற்கு வரலாறு உண்டு.

1965-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் மில்ஃபோர்டு என்னும் சிற்றூரில், வர்ஜீனியா கிட் என்ற பெண்மணி ஒரு முகவர் நிலையம் தொடங்கினார். கவிதை எழுதியவர், இளமையிலேயே அறிவியற் புனைகதை அன்பர்களோடு பழகியவர். அவரிடம் வந்து சேர்ந்தவர்களுள் ஒருவர் அர்சுலா கே. லெ குவின். லெ குவின் எழுதிய 'இருளின் இடக்கை' என்னும் புதினத்தில் பனி சூழ்ந்த ஒரு கோள் வருகிறது. அங்கு ஆண் என்றும் பெண் என்றும் நிலைத்த பிரிவில்லை. மாதத்தில் சில நாட்கள் மட்டும் ஒருவர் ஆணாகவோ பெண்ணாகவோ மாறுவார். இன்று ஒரு பிள்ளைக்குத் தாயானவர் நாளை இன்னொரு பிள்ளைக்குத் தந்தையாகலாம். பிள்ளை பெறும் கடமை எல்லார்க்கும் வரக்கூடியதாகிவிட்டால், அதைக் காட்டி ஒரு பாதியை அடுப்படியில் பூட்ட எவரால் முடியும்? இந்த எண்ணத்துக்கு 1968-இல் எந்த நூலை ஒப்புமையாகக் காட்டுவது? அவ்வாண்டு சூன் 21-ஆம் நாள் ஒரு பதிப்பாசிரியர் கிட்டுக்கு மறுப்பு மடல் எழுதினார். விவரங்கள் மிகுந்து கதையைப் படிக்கவே முடியவில்லை என்பது அதன் சாரம். மறு ஆண்டு ஏஸ் நிறுவனம் அதை மலிவுப் பதிப்பாக வெளியிட்டது. ஹ்யூகோ, நெபுலா என்னும் இரு பரிசுகளும் அதைத் தேடி வந்தன. எழுதியவரின் பெயரை மறைத்து அம்மடலைப் பின்னாளில் லெ குவினே வெளியிட்டார். இளம் எழுத்தாளர்க்கு ஆயிரம் வெற்றிச் செய்திகளைவிட அந்த ஒரு மறுப்பு மடல் பயன்படும் என்பது என் எண்ணம்.

அதே காலத்தில் கிட் வழியாக 'பிளேபாய்' இதழுக்குப் போன லெ குவினின் சிறுகதை ஒன்று ஏற்கப்பட்டது. ஏற்ற பின்புதான் எழுதியவர் பெண் என்று தெரிந்தது. பெயரை முதலெழுத்துகளோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். 1969-இல் அவ்வாறே அச்சாயிற்று. பிள்ளை இன்னாருடையது என்று சொல்லாமலே தொட்டிலில் இட்ட கதை!

இதைவிடக் கொடியது சாமுவேல் டிலேனிக்கு நேர்ந்தது. கறுப்பின இளைஞர். 25 வயதுக்குள் நெபுலா பரிசு பெற்றவர். அவர் எழுதிய 'நோவா' புதினத்தின் நாயகனுடைய தாய் செனகல் நாட்டு வழிவந்தவள். பல நூற்றாண்டுகளுக்கு அப்பால், மனிதர் விண்மீன்களுக்கிடையே கலம் செலுத்தும் காலத்தில் நடக்கும் கதை. 1967-இல் அதைத் தொடர்கதையாக வெளியிட 'அனலாக்' இதழுக்கு அனுப்பினார்கள். அதன் ஆசிரியர் ஜான் டபிள்யூ. கேம்பல் 1937 முதல் அவ்விதழைத் தம் கையில் வைத்திருந்தவர்; அறிவியற் புனைகதையின் பொற்காலத்தைப் படைத்தவர் என்று போற்றப்பட்டவர். அவர் கதையைத் திருப்பிவிட்டு, முகவரைத் தொலைபேசியில் அழைத்துக் காரணமும் சொன்னார். கறுப்பர் ஒருவரை நாயகனாகத் தம் வாசகர்கள் ஏற்கமாட்டார்கள் என்று கருதுகிறாராம்! ஒளியாண்டுகளைக் கடக்கும் கலத்தை ஏற்கிறான் வாசகன். அதைச் செலுத்துபவனின் தோலை மட்டும் ஏற்கமாட்டானாம். "எனக்கு வேறுபாடு கிடையாது, ஊரார்தான் ஒப்பமாட்டார்கள்" என்னும் வசனம் எந்த நாட்டில்தான் இல்லை?

இச்செய்தி நமக்கு எட்டியது எப்படி? முகவர் அதை மறைக்காமல் டிலேனியிடம் சொன்னார். டிலேனி 1998-இல் அறிவியற் புனைகதையும் இனவெறியும் பற்றிய தம் கட்டுரையில் எழுதினார். இடையில் முப்பது ஆண்டுகள். 1968-இல் டபுள்டே நிறுவனம் 'நோவா'வை நூலாக வெளியிட்டதை மட்டும் அறிவித்திருந்தால் அது பொய்யான செய்தியாகாது. ஆனால் பாதி உண்மை. கேம்பல் பெயரால் புதிய எழுத்தாளருக்கு ஆண்டுதோறும் ஒரு பரிசு வழங்கி வந்தார்கள். 2019-இல் அப்பரிசைப் பெற்ற ஜெனட் இங் என்னும் பெண் எழுத்தாளர் அந்த மேடையிலேயே கேம்பலைக் கண்டித்துப் பேசினார். சில நாட்களில் பரிசின் பெயர் மாறியது.

முகவர் என்ற பெயரிலேயே ஏய்த்தவர்களும் உண்டு. அக்டேவியா பட்லர் 1947-இல் கலிஃபோர்னியாவின் பசடீனாவில் பிறந்தார். தந்தை சிறுவயதிலேயே மறைந்தார். தாய் பிறர் வீடுகளில் வேலை செய்து பிழைத்தவர். மகள் கதை எழுதுகிறாள் என்று, படித்துப் பார்க்கும் கட்டணமாக 60 டாலருக்கும் மேல் ஒரு போலி முகவருக்கு அந்தத் தாய் கட்டினார். அவர்களுடைய ஒரு மாத வாடகையைவிடப் பெரிய தொகை அது. கிடைத்தது ஒன்றுமில்லை. விற்றால் தரகு பெறுபவர் முகவர்; படிக்கவே பணம் கேட்பவர் வேறு ஆள். இந்த வேறுபாட்டைச் சொல்ல அந்த வீட்டு வேலைக்காரம்மாவுக்கு எவரும் இருக்கவில்லை. இன்று அமெரிக்க முகவர் சங்கம் தன் உறுப்பினர்க்குப் படிப்புக் கட்டணத்தைத் தடை செய்திருக்கிறது.

அந்த மகள் 1995-இல் மக்ஆர்தர் நல்கை பெற்றார். அறிவியற் புனைகதை எழுத்தாளருள் அதைப் பெற்ற முதல்வர் அவரே. 1993-இல் அவர் எழுதிய 'விதைப்பவனின் உவமை' என்னும் புதினம் 2024-இல் தொடங்குகிறது. தண்ணீர் விலையேறி, உள்ளவர் மதிலுக்குள்ளும் இல்லாதவர் தெருவிலும் வாழும் கலிஃபோர்னியா. சமயப் போதகரின் மகளான 15 வயதுக் கறுப்பினப் பெண், தந்தையின் கடவுளை ஏற்க மனம் ஒப்பாமல் ஒதுக்குகிறாள். ஆனால் ஒதுக்கிய இடத்தை வெறுமையாக விடவும் மனமில்லாமல் 'மாற்றமே கடவுள்' என்று புதிய சமயம் ஒன்று அமைக்கிறாள். மாற்றம் போதாதா, அதற்குக் கடவுள் என்று பெயர் வேறு எதற்கு என்று பட்லரோடு வழக்காட எனக்கு ஆசை. அவர் 2006-இலேயே மறைந்துவிட்டார். நூல் 'நியூயார்க் டைம்ஸ்' விற்பனைப் பட்டியலில் ஏறியது 2020-இல். எந்தச் செய்தியும் பட்டியலில் ஏறியதைச் சொல்லும். அந்தப் பெண் மதிலை விட்டு ஏன் வெளியேறினாள் என்று அல்லவா இளைஞர்க்குச் சொல்ல வேண்டும்!

2014-இல் அமெரிக்கத் தேசிய நூல் அறக்கட்டளையின் பதக்கத்தைப் பெற்ற மேடையில் லெ குவின், பதிப்பாளர்கள் எதிரிலேயே, நூலைச் சரக்காக மட்டும் எண்ணும் போக்கைச் சாடினார். அதே உரையில் அப்பரிசு தம் முகவர்களுக்கும் உரியது என்றார். இவ்விரண்டும் முரண் அல்ல.

கிட் 2003-இல் மறைந்தார். அவர் நிலையம் தொடர்ந்தது. அதன் எழுத்தாளருள் ஒருவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். 'ஸ்டார் வார்ஸ்' படக்கதையை 1976-இல் புதினமாக்கியவர் அவர்தான்; அட்டையிலோ ஜார்ஜ் லூக்காசின் பெயர். லூக்காஸ் நிறுவனம் 2012-இல் டிஸ்னியின் கைக்குப் போயிற்று. நூல் விற்பனை நடந்துகொண்டிருக்க, ஃபாஸ்டருக்கு வரவேண்டிய உரிமைத்தொகை நின்றது. சொத்தை வாங்கினோம், அதன்மேல் உள்ள கடனை வாங்கவில்லை என்பதே டிஸ்னியின் வாதம் என்று, 2020 நவம்பரில் அறிவியற் புனைகதை எழுத்தாளர் சங்கம் ஊரறியச் சொன்னது. வீட்டை வாங்குவானாம், அடமானத்தை ஒப்பமாட்டானாம்! அப்போது ஃபாஸ்டருக்கும் அவர் மனைவிக்கும் உடல்நலமில்லை. மடல் எழுதிக் கேட்டும் அசையாத நிறுவனம், செய்தி உலகெங்கும் பரவியதும் பேச வந்தது. 2021-இல் ஃபாஸ்டரின் வழக்குத் தீர்ந்தது. தங்கள் தொகையும் வரவில்லை என்று வேறு எழுத்தாளர்களும் முன்வந்தார்கள்; அவர்களுக்காகப் பல எழுத்தாளர் சங்கங்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தன.