கல்லா, கேஸா?

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் மாம்பழம் வாங்க நிற்பவர்கள் இப்போதெல்லாம் விலை கேட்பதற்கு முன் இதைத்தான் கேட்கிறார்கள்: "கல்லு வச்சதா?" கடைக்காரரிடம் பதில் தயாராக இருக்கிறது: "கல்லெல்லாம் இல்லண்ணா, கேஸ்ல பழுத்தது." கேட்டவர் நிம்மதியாகப் பையை நீட்டுகிறார். அந்த நிம்மதி பாதிதான் நியாயம்.

கல் என்பது கால்சியம் கார்பைடு. தங்கவயல்காரர்களுக்கு அது அந்நியப் பொருள் அல்ல. பேட்டரி விளக்கு வருவதற்கு முன் உலகின் பல சுரங்கங்களில் தொழிலாளியின் நெற்றியில் எரிந்தது இந்தக் கல் தரும் வாயுதான். இன்று அது வெல்டிங் பட்டறைச் சரக்கு. ஈரம் பட்டால் அசிட்டிலீனை விடும். பழம் தானாகவே சுரக்கும் எத்திலீனைப் போல அந்த வாயு ஓரளவு வேலை செய்வதால் காயின் தோல் மஞ்சளாகிவிடுகிறது. பட்டறைக்கென்று செய்த கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் போன்றவை கலந்திருக்கலாம். மூக்கில் ஏறும் அந்தப் பூண்டு வாடை கலப்படத்தின் வாடையே. பழைய உணவுக் கலப்படத் தடை விதிகளில் இருந்த தடை, 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையிலும் தொடர்கிறது. கார்பைடு வாயுவில் பழுத்த பழத்தை விற்பது குற்றம்.

தடை சரி. ஆனால் அதைச் சொல்லும் விதத்தில் மிகை புகுந்துவிட்டது. ஒரு துண்டு தின்றாலே புற்றுநோய் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு ஆதாரம் இல்லை. கல் பெரும்பாலும் பொட்டலமாகத்தான் பழக்குவியலில் வைக்கப்படுகிறது. ஒட்டும் தூள் தோலின் மேல்தான் அதிகம். கழுவித் தோல் சீவினால் ஆபத்து கணிசமாகக் குறையும். ஆனால் பட்டறைக் கல்லில் எந்தப் பொட்டலத்தில் எவ்வளவு நஞ்சு என்று யாரும் அளப்பதில்லை. தடைக்கு அந்த ஒரு காரணமே போதும்.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. கல்லை உடைத்துக் காகிதத்தில் மடித்து, காற்றில்லாத குடோனில் கூடைக்குக் கூடை வைக்கும் கைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஈரக் கையில் பட்டால் சுண்ணாம்பாகிப் புண்ணாக்கும். வாயு தொண்டையை அரிக்கும், தீப்பிடிக்கும். பாறைத்தூசியை மூச்சில் வாங்கி நுரையீரல் கெட்டவர்களின் ஊர் இது. 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடிய பிறகும் சயனைடு கலந்த கழிவு மண்மேடுகளின் தூசியில் வாழ்கிற ஊர். நஞ்சு முதலில் வேலை செய்பவனைத்தான் தொடும் என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி கேஸ். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு வரை எத்திலீன் விட்டுப் பழுக்க வைக்க 2016-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்தது. பழம் தனக்குத்தானே சுரக்கும் அதே வாயு. வைக்கோலில் மூடி வைத்த நம் பாட்டிமார் செய்ததும் அந்த வாயு கலைந்து போகாமல் பிடித்து வைத்ததுதான். வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம் மூன்றையும் கட்டுக்குள் வைத்த அறை என்றால் இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 'செயற்கை' என்ற சொல்லைக் கேட்டே பயப்படுவது வீண். எத்திலீனை வெளியிடும் எத்திபான் என்ற ரசாயனத்தின் கரைசலில் பழத்தை முக்கி எடுத்துவிட்டு அதையும் 'கேஸ்' என்று விற்பது வேறு கதை. எத்திபானிலிருந்து வாயுவை எடுத்துக்கொள்ளலாம், அது பழத்தில் படக்கூடாது என்பதே விதி.

ஆனால் எந்த வாயுவாலும் முற்றாத காயில் சுவையைக் கொண்டுவர முடியாது. முற்றிய மாங்காயில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்துதான் பழுக்கும்போது சர்க்கரையாகிறது. பிஞ்சிலே பறித்தால் சர்க்கரையாக மாற உள்ளே சரக்கு இருக்காது. நிறம் வரும், ருசி வராது. தண்ணீரில் போட்டு மிதந்தால் கல் வைத்தது என்று நம்புகிறோமே, அந்தச் சோதனை உண்மையில் காட்டுவது முற்றலை. முற்றிய காய் மூழ்கும், இளங்காய் மிதக்கும். கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

காயை ஏன் பிஞ்சில் பறிக்கிறார்கள்? நம் மாவட்டத்துச் சீனிவாசபுரம் கர்நாடகத்தின் பெரிய மாம்பழச் சீமை. அங்கே பல தோப்புகள் பூவிலேயே குத்தகைக்குப் போகின்றன. ஒரே மரத்தில் முன்பின்னாகப் பூத்த காய்களை ஆள்கூலிக்குப் பயந்து ஒரே நாளில் உதிர்க்கிறார்கள். முதலில் சந்தைக்கு வருவதற்கு நல்ல விலை, தாமதித்தால் சரிவு. 2025 ஜூனில் கிளிமூக்கு மாங்காய் விலை விழுந்து சீனிவாசபுரத்தில் கடையடைப்பே நடந்தது. ஒன்றிய அரசு தலையிட்டு வைத்த விலை குவிண்டாலுக்கு 1,616 ரூபாய், அதாவது கிலோ பதினாறு ரூபாய் சொச்சம். இந்தக் கணக்கைப் பார்த்தவன் மே மாதம் வரை பொறுத்திருப்பானா?

சட்டமோ பழக்கடையில் நிற்கிறது. அசிட்டிலீனில் பழுத்ததா என்று பழத்தை மட்டும் வைத்து நிரூபிப்பது கடினம் என்பதால், குடோனில் கல் கிடைப்பதையே சான்றாகக் கொள்ள 2025-இல் ஆணையம் அறிவுறுத்தியது. அது நல்ல மாற்றம். பழுக்க வைக்கும் அறைக்கு 2014-இன் தோட்டக்கலை இயக்க விதிகள் 35 விழுக்காடு மானியமும் வைத்தன. மீதியைப் போட்டுக் கட்ட வசதியுள்ளவன் மொத்த வியாபாரி. நான்கு கூடை எடுத்துத் தள்ளுவண்டியில் விற்பவருக்கு அதில் இடமில்லை. கோலார் சந்தைக் குழு தன் வளாகத்தில் பொது அறை கட்டி, கூடைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கினால் கல்லுக்கு வேலையே இருக்காது. சோதனை நடத்துவதற்கு முன் செய்ய வேண்டியது அது.

அதுவரை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் தொடக்கத்திலேயே "சீனிவாசபுரத்துப் பாதாமி" என்று யாராவது பளபளப்பாக அடுக்கி வைத்திருந்தால், கல்லா கேஸா என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள். வாசனை இல்லையென்றால் கூடையில் வைத்துவிட்டு மே கடைசியில் வாருங்கள்.