சைலன்சர் மாற்றியதும் எரியும் எஞ்சின் விளக்கு: மல்டிமீட்டரா, ஸ்கேனரா?

வெளிச்சந்தை சைலன்சரை மாட்டிய மறுநாள் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தால், கடையில் முதலில் வரும் பதில் ‘ஈசியூ ரீமேப் பண்ணணும்’ என்பதுதான். பல ஆயிரம் ரூபாய் பிடிக்கும் வேலை அது. அதற்குத் தலையாட்டும் முன் ஒரு மல்டிமீட்டரை எடுத்துப் பாருங்கள் என்பது என் கட்சி. சைலன்சர் மாற்றிய கையோடு வரும் மின்கோளாறுகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் ஈசியூ என்ற எஞ்சின் கணினிக்குள் இருந்ததில்லை. ஸ்பேனர் போன வழியில், அசைக்கப்பட்ட ஒயர்களில்தான் இருந்தன.

சோதித்த கருவிகள் இரண்டு. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய ஆட்டோ ரேஞ்ச் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. கைப்பேசிச் செயலியோடு இணையும் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் இன்னொன்று. வண்டி, ஒற்றை சிலிண்டர் 250 சிசி பிஎஸ்6 பைக். பெண்ட் பைப்பிலிருந்து முனை வரை எல்லாமே மாற்றப்பட்டது.

ஸ்கேனரிலிருந்து தொடங்குகிறேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு ஃப்யூயல் இஞ்செக்ஷன் பைக்குகளில் ஆக்சிஜன் சென்சாரும் கோளாறுக் குறியீடுகளும் சாதாரணமாகிவிட்டன. ஆனால் கார்களுக்கான 16 முனை ஸ்கேனர் நேராகச் செருகாது. பல பைக்குகளில் சீட்டுக்கு அடியில் இருப்பது 6 முனைக் கப்ளர், ஐஎஸ்ஓ 19689 தரத்தில் வருவது. இடையில் ஒரு அடாப்டர் ஒயர் வேண்டும். அதை மாட்டியபின் எங்களுக்குக் கிடைத்த குறியீடு பி0135. ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சுற்றில் கோளாறு என்று அர்த்தம். ஸ்கேனரின் உதவி அதோடு நின்றுவிடுகிறது. ஹீட்டர் எரிந்ததா, ஃப்யூஸ் போனதா, ஒயர் அறுந்ததா என்பதை அது சொல்லாது. இந்த இடத்தில்தான் பலர் நேராகப் புது சென்சார் வாங்குகிறார்கள்.

மல்டிமீட்டரின் வேலை இங்கே ஆரம்பம். நான்கு ஒயர் சென்சாரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும், பெரும்பாலும் வெள்ளை, ஹீட்டருக்கு உரியவை. கப்ளரைக் கழற்றி அவற்றுக்கிடையே ஓம் பார்த்தால் ஒற்றை இலக்கத்திலோ பத்துக்குச் சற்று மேலோ காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் ஹீட்டர் போய்விட்டது. எங்கள் வண்டியில் ஹீட்டர் நன்றாகவே இருந்தது. அடுத்து வண்டிப் பக்கக் கப்ளர். சாவி போட்டு, பின்பக்கமிருந்து மெல்லிய ஊசி விட்டுப் பார்த்தால் 12 வோல்ட் வருகிறது, முன்பக்கம் வரவில்லை. விஷயம் புரிந்துவிட்டது. புதுப் பைப்பில் சென்சார் உட்காரும் துளை பழைய இடத்தைவிடக் கீழே இருந்ததால் ஒயர் விறைப்பாக இழுபட்டு, கப்ளருக்குள் ஒரு பின் பின்னால் நழுவியிருந்தது. பின்னைத் தள்ளிப் பூட்டியதும் குறியீடு திரும்பவில்லை. சில பைக்குகளில் ஹீட்டருக்கு எஞ்சின் ஓடும்போதுதான் மின்சாரம் போகும், அதைத் தெரிந்துகொண்டு அளக்க வேண்டும். சென்சாரின் சிக்னல் ஒயரில் மட்டும் ஓம் பார்க்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் அதைக் கெடுக்கக்கூடும்.

சென்சாரோடு பைப்பில் தடவும் பசையும் முக்கியம். சாதாரண சிலிக்கான் பசையின் ஆவி சென்சார் முனையைப் பாழாக்கிவிடும். ஒற்றை ஒயர் சென்சார் என்றால் அதற்கு எர்த் பைப்பின் மரை வழியாகவே கிடைக்கிறது. அங்கே பெயின்டோ டேப்போ இருந்தால் சிக்னல் தடுமாறும்.

அடுத்த கோளாறு கொஞ்சம் தந்திரமானது. பின் பிரேக்கை மிதித்தால் ஃப்யூஸ் போகும், மிதிக்காதவரை எல்லாம் சரி. வலது பக்கம் பிரேக் ஸ்விட்சிலிருந்து விளக்குக்குப் போகும் ஒயர் புதுப் பைப்பில் உரசி உருகினால் இப்படித்தான் நடக்கும். ஸ்விட்சுக்கு முன்னால் ஷார்ட் ஆனால் சாவி போட்டதுமே ஃப்யூஸ் போயிருக்கும். சாதாரண பிவிசி ஒயர் சுமார் 105 டிகிரி வரை தாங்கும். பெண்ட் பைப்போ பல நூறு டிகிரிக்குப் போகிறது. இங்கே மல்டிமீட்டரைவிட 12 வோல்ட் 21 வாட் பல்பு எளிது. ஃப்யூஸ் இடத்தில் அதைப் பொருத்தி, பிரேக்கை மிதித்தபடி ஒயரை அங்கங்கே அசைத்தால், பளிச்சென்று எரியும் பல்பு மங்கும் இடத்தில் ஷார்ட் இருக்கிறது. ஃப்யூஸ் கையிருப்புத் தீர்ந்து போகாது. ஆனால் ஈசியூவுக்குப் போகும் சிக்னல் ஒயர்களில் பல்பைத் தொடவே வேண்டாம்.

செல்ஃப் திணறுகிறது, டிஸ்ப்ளே அணைந்து எரிகிறது என்றால் எர்த்தைச் சந்தேகியுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் உடலிலும் வைத்து செல்ஃப் அடிக்க வேண்டும். 0.2 வோல்ட்டை ஒட்டி வந்தால் சரி. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போல்ட் சரியாக முறுக்கப்படவில்லை, அல்லது அடியில் பெயின்ட், துரு. ஒயரின் இரு முனையிலும் பீப் சத்தம் பார்த்துவிட்டு ‘ஒயர் ஓகே’ என்று சொல்வதை நம்பாதீர்கள். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் அடிக்கும்; செல்ஃப் இழுக்கும் மின்னோட்டத்தை அது தாங்காது. மல்டிமீட்டரில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான், நம் பட்டறைகளில் அதிகம் செய்யப்படாததும் இதுதான்.

ஸ்கேனர் வீண் என்று சொல்லமாட்டேன். கேஸ்கட் சரியாக உட்காராமல் சென்சாருக்கு முன்னால் காற்று உள்ளே வந்தால், பெட்ரோல் போதவில்லை என்று ஈசியூ தவறாக எண்ணி மேலும் ஊற்றும். ஃப்யூயல் டிரிம், அதாவது ஈசியூ பெட்ரோலைத் திருத்தும் அளவு, ஒரே பக்கமாக ஏறுவதை ஸ்கேனரில்தான் பார்க்க முடியும். இது ஒயரிங் கோளாறே அல்ல. ஆனாலும் ஒயரிங்கைப் பிரிக்க வைத்துவிடும்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் ஒலி தடுப்பானையும் கழற்றிப் போட்ட சைலன்சருக்கு நான் ஆதரவு தரமாட்டேன். 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு ஒலி வரம்பு 80 டெசிபல். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராதத்தை விடுங்கள். நள்ளிரவில் அந்தத் தெருவில் தூங்கும் குழந்தைக்கும் முதியவருக்கும் நம் பைக்கால் எந்த நியாயமும் சொல்ல முடியாது.

நான் வாங்கிய மீட்டரின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை வேகமாக ஏறி இறங்கும். அந்த வேகத்துக்குத் திரை எண்கள் ஈடுகொடுப்பதில்லை. குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் நினைவில் வைக்கும் பட்டன் உள்ள மாடலை, சற்றுக் கூடுதல் விலை ஆனாலும், வாங்குங்கள். கூட வரும் முனை ஒயர்கள் விறைப்பானவை, கப்ளருக்குள் நுழையாதவை. ஊசி முனைகளைத் தனியாக வாங்கத்தான் வேண்டும். மீட்டரின் சொந்த பேட்டரி குறைந்தால் அளவுகள் கூடுதலாகக் காட்டும். எஞ்சின் ஓடும்போது 14.5 வோல்ட்டுக்கு மேல் தெரிகிறதென்று ரெகுலேட்டரை மாற்றக் கிளம்பும் முன், திரையின் ஓரத்தில் பேட்டரிச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள்.