எடைக்குப் போட்ட பெரிய எழுத்து

கீழ்பென்னாத்தூர் வீட்டு மாடி அறையில் எனக்கு ஆயிரத்துச் சொச்சம் புத்தகங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஸ்ப்ரெட்ஷீட் உண்டு: பதிப்பு, விலை, வாங்கிய ஊர், யாரிடம் இரவல் போயிருக்கிறது. பெங்களூரிலிருந்து பஸ் ஏறும்போதெல்லாம் பையில் நாலைந்து புதிதாக இருக்கும். அம்மாவின் கேள்வி மட்டும் மாறுவதில்லை. "இதையெல்லாம் எப்படா படிக்கப் போற?"

இதற்கு வால்டர் பெஞ்சமினிடம் பதில் கிடைத்தது. பெட்டிகளைப் பிரித்துத் தன் நூலகத்தை அடுக்குவதைப் பற்றி 1931இல் அவர் எழுதிய கட்டுரை, புத்தகம் சேர்ப்பவர்களுக்குக் கிட்டத்தட்ட வேதம். புத்தகம் எந்த ஊரில், எந்த ஏலத்தில், எப்படிக் கைக்கு வந்தது என்ற நினைவுதான் அதில் பெரிய இன்பம். எல்லாவற்றையும் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் சேகரிப்பாளனுக்குக் கிடையாது. படித்தபோது அப்பாடா என்றிருந்தது.

ஆனால் அதே கட்டுரை இன்னொன்றும் சொல்கிறது. உடையவன் போய்விட்டால் சேகரிப்பின் அர்த்தமும் போய்விடும். பொதுநூலகம் சமூகத்துக்குப் பயன்படலாம், ஆனால் பொருளுக்கு உரிய மரியாதை தனி மனிதன் கையில்தான். பல வருடம் இதையும் சேர்த்தே நம்பினேன். இப்போது நம்பவில்லை. காரணம், கோட்டையூர் ரோஜா முத்தையா.

செட்டிநாட்டுக்காரர். சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகள் அவரை இழுத்துக்கொண்டன. பிறகு ஊர் திரும்பி, 1992இல் இறக்கும்வரை சேர்த்துக்கொண்டே இருந்தார். கிட்டத்தட்ட ஒரு லட்சம் உருப்படிகள். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. ஆனால் புத்தகங்கள் அமெரிக்கா போகவில்லை. சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயின.

அந்த லட்சத்தில் இலக்கியம் மட்டும் இல்லை. சித்த மருத்துவம், பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என எல்லாம் உண்டு. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் வாழ்க்கையை ஆராய்கிறவர்களுக்கு இன்று அதுதான் பொக்கிஷம். நல்ல நாவலை எப்படியும் யாராவது ஒருவர் காப்பாற்றிவிடுவார். நோட்டீஸைக் காப்பாற்ற முத்தையா மாதிரி ஒருவர் வேண்டும். வாசகனுக்கு ரசனை பலம். சேகரிப்பாளனுக்குச் சில சமயம் அதுவே பலவீனம்.

மறைமலையடிகள் நேர் எதிர்ரகம். அவர் படிப்பதற்காகச் சேர்த்தவர். படித்த புத்தகங்களில் குறிப்பும் எழுதிவைத்தார். 1950இல் அவர் மறைந்தார். 1958இல் அவர் நூல்களைக் கொண்டு சென்னையில் நூலகம் திறக்கப்பட்டது. உடையவர் போன பிறகும் அவர் கையெழுத்து அந்தப் பக்கங்களில் இருக்கிறது. அர்த்தம் போய்விட்டதாக எப்படிச் சொல்வது?

பெஞ்சமினுக்கு நியாயம் செய்வதென்றால், புத்தகமென்றே சொல்ல முடியாத துண்டுப் பிரசுரங்களுக்கும் ஆல்பங்களுக்கும் அந்தக் கட்டுரையில் அவர் இடம் தருகிறார். அந்தப் பகுதியை நான்தான் வேகமாகக் கடந்துவிட்டேன். எனக்குத் தேவைப்பட்டது 'படிக்காவிட்டாலும் பரவாயில்லை' என்ற அனுமதிச்சீட்டு மட்டும்.

அதற்கான விலையைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு, பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது தாத்தாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை, கர்ண மோட்சம், பஞ்சாங்கங்கள், கூத்து நோட்டீஸ், ரப்பர் பேண்ட் போட்ட கல்யாணப் பத்திரிகைக் கட்டு. தாத்தா கூத்துப் பைத்தியம். பாடத் தெரிந்த இடங்களில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டிருந்தார். "வேணாம்டா, இருந்துட்டுப் போவட்டும்" என்றார் அம்மா. எனக்கோ மொழிபெயர்ப்பு நாவல்களுக்கு இடம் தேவைப்பட்டது. பழைய பேப்பர் வண்டியைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டேன். பெட்டியும் பழைய இரும்பு விலைக்குப் போனது.

அன்று அடுக்கிய நாவல்கள் எல்லாம் இன்றும் கடையில் கிடைக்கின்றன. தொலைந்தால் நாளைக்கே ஆர்டர் போடலாம். அந்தப் பென்சில் கோடுகளை எங்கே ஆர்டர் போடுவது? எந்த வரியில் தாத்தா குரலை உயர்த்தினார் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அது. படிக்காத புத்தகங்களைச் சேர்த்துவைக்கச் சாக்கு தேடிய நான், ஒரு மனிதர் தேயத் தேயப் படித்த புத்தகங்களைத்தான் வெளியே அனுப்பியிருக்கிறேன்.

ஷெல்ஃபைப் போட்டோ எடுத்துப் போடும் நம் தலைமுறைக்கு முத்தையாவிடம் கற்க ஒன்று இருக்கிறது. நம் வரிசைகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன. அதே பத்து எழுத்தாளர்கள், அதே அட்டைகள். அதில் நம் ஊர் எங்கே, நம் தெரு எங்கே?

இப்போதெல்லாம் தீபத்துக்குத் திருவண்ணாமலை போனால் கிரிவலப் பாதையில் பத்து, இருபது ரூபாய்க்கு விற்கும் சின்னப் புத்தகங்களை வாங்கி வருகிறேன். ஊரில் கூத்து நோட்டீஸ் கிடைத்தால் மடிக்காமல் எடுத்து வைக்கிறேன். போன மாதம் ஒரு தகரப் பெட்டி வாங்கினேன். "இதுல என்னடா போடப் போற?" என்றார் அம்மா. வந்திருந்த கல்யாணப் பத்திரிகையை அவர் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.